டோல்கீனுக்குப் பிறகு எழுத வருகிறவர்களுக்கு

காவிய ஃபேன்டஸி நாவல் எழுதப்போகிறேன் என்று வரும் இளையவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர், "இது டோல்கீன் மாதிரி இருக்கிறதா ஐயா?" என்று பயந்துகொண்டே கைப்பிரதியை நீட்டுவார்கள். இன்னொரு வகையினர் டோல்கீனையே எழுதிவைத்திருப்பார்கள்; அது டோல்கீன் என்று அவர்களுக்குத் தெரியாது. டோல்கீனைப் பார்த்து எழுதியவர்களைப் பார்த்து எழுதியவர்களைத்தான் அவர்கள் படித்திருப்பார்கள். சிலர் அதையும் படிக்காமல் கணினி விளையாட்டில் மட்டும் பார்த்திருப்பார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். எண்களின் வரிசைக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை.

1. இரவல் வாங்க வெட்கப்படாதீர்கள். இந்தத் துறையின் பிதாமகரே பெரிய இரவல்காரர். 'தி ஹாபிட்' 1937இல் வந்தது. அதில் வரும் குள்ளர்களுக்கு டோல்கீன் உட்கார்ந்து பெயர் யோசிக்கவில்லை. வோலுஸ்பா என்ற பழைய ஐஸ்லாந்துப் பாட்டில் குள்ளர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. பெரும்பாலான பெயர்களை அங்கிருந்து அள்ளிக்கொண்டார். காண்டால்ஃப் என்ற பெயரும் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததுதான். முதல் வரைவில் அது மந்திரவாதியின் பெயர்கூட இல்லை, குள்ளர் தலைவனின் பெயர். 'தி ஹாபிட்'டில் வருவதுபோலவே, புதையலில் இருந்து ஒருவன் கோப்பையைத் திருடிவிட, டிராகன் வெகுண்டெழுந்து வெளியே பாய்வது பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் இருக்கிறது. டோல்கீன் படைத்த டூரின் என்ற வீரன் தங்கை என்று அறியாமல் தங்கையையே மணந்து, உண்மை தெரிந்தபின் தன் வாளோடு பேசிவிட்டு அதன்மேல் விழுந்து சாகிறான். ஃபின்லாந்தின் காலேவாலாவில் வரும் குல்லெர்வோவின் முடிவும் ஏறக்குறைய இதுதான். 1914இல், ஆக்ஸ்ஃபோர்டு மாணவராக இருந்தபோதே, டோல்கீன் அந்தக் குல்லெர்வோ கதையைத் தன் நடையில் எழுதிப்பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஷேக்ஸ்பியரிடம் அவர் எடுத்த விதம் இன்னும் சுவாரசியமானது. காடு நடந்து வரும்வரை தோல்வியில்லை என்று மெக்பெத்துக்கு ஒரு குறி சொல்லப்படுகிறது. கடைசியில் பார்த்தால் படைவீரர்கள் கிளைகளை ஒடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான். பள்ளிப் பையனாக அதைப் படித்த டோல்கீனுக்குப் பெருத்த ஏமாற்றம். மரங்கள் நிஜமாகவே போருக்குப் போகவேண்டாமா? அந்த ஏமாற்றத்தில் இருந்துதான் அவருடைய மரமனிதர்களான என்ட்கள் வந்தார்கள். பெண் பெற்ற எவனாலும் மெக்பெத்தைக் கொல்ல முடியாது என்ற இன்னொரு குறியும் அந்த நாடகத்தில் உண்டு. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்ற சமாதானத்தோடு ஷேக்ஸ்பியர் அதை முடித்துவைக்கிறார். டோல்கீனின் கதையிலோ, எந்த ஆணின் கையாலும் சாகமாட்டான் என்று சொல்லப்பட்டவனை எயோவின் என்ற பெண் வெட்டிச் சாய்க்கிறாள்.

ஆகவே, ஒரு பெரிய படைப்பில் உங்களுக்கு நிறைவு தராத இடம் எது என்று குறித்துவையுங்கள். பிடித்த இடத்தைவிட அது அதிகம் பயன்படும்.

2. யாரிடம் எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வெளியான அதே 1954இல் அமெரிக்காவில் பால் ஆண்டர்சன் என்பவரின் 'தி புரோக்கன் ஸ்வோர்ட்' வெளிவந்தது. ஒருவர் புத்தகத்தை மற்றவர் பார்த்து எழுதியிருக்க வழியில்லை. இரண்டிலும் எல்ஃப்கள் உண்டு, குள்ளர்கள் உண்டு, உடைந்து கிடந்து மறுபடி உருக்கிச் சேர்க்கப்படும் வாள் உண்டு. வோல்சுங்கர்களின் பழைய கதையில் சிகுர்டின் தந்தை வாள் உடைந்து மறுபடி செய்யப்படுகிறதே, இருவருக்கும் அதுதான் ஊற்று.

இனி வேறுபாட்டைப் பாருங்கள். டோல்கீனிடம் அந்த வாள் அரியணைக்கு உரியவனின் அடையாளம். அரகார்ன் அதை ஏந்தி மன்னனாகிறான். ஆண்டர்சனிடம் அது சாபம் பிடித்த ஆயுதம். உறையை விட்டு வெளியே வந்தால் ஓர் உயிரைக் குடிக்காமல் திரும்பாது, ஒருநாள் ஏந்தியவனையும் தின்றுவிடும். டோல்கீனின் எல்ஃப்கள் நாம் இழந்துவிட்ட பேரழகின் துயரத்தைச் சுமப்பவர்கள். ஆண்டர்சனின் எல்ஃப்கள் அழகானவர்கள், கொடியவர்கள், ஆன்மா இல்லாதவர்கள். தொட்டிலில் கிடக்கும் மனிதக் குழந்தையைத் திருடிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒரே கிணற்றில் இறைத்த இருவருக்குள் ஒருவரின் சாயல் மற்றவரிடம் இல்லை.

ஆண்டர்சனை விரும்பிப் படித்த மைக்கேல் மூர்காக், 1961இல் எல்ரிக் என்ற மன்னனைப் படைத்து அவன் கையில் ஆன்மாக்களைக் குடிக்கும் கருவாள் ஒன்றைக் கொடுத்தார். அந்த வாளுக்குள்ளும் காலேவாலாவின் நிழல் உண்டு. இந்தக் குடும்ப மரத்தை வரைந்து பார்த்தால் எனக்குப் புரிவது ஒன்று: பழங்கதையிடம் வாங்குகிறவனுக்கு அதில் பாதியைத் தானே இட்டு நிரப்பவேண்டிய கட்டாயம் இருக்கிறது. பழங்கதையில் காரணங்கள் சொல்லப்படுவதில்லை, முகங்கள் வரையப்படுவதில்லை. முடிக்கப்பட்ட நாவலிடம் வாங்குகிறவனுக்கு அந்த வேலையே மிச்சமில்லை. எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கிறது.

3. அப்படி முடிந்த நாவலில் வாங்கினால் என்ன ஆகும்? 1977இல் டெரி புரூக்ஸ் என்ற இளம் வழக்கறிஞரின் 'தி ஸ்வோர்ட் ஆஃப் ஷனாரா' வந்தது. அமைதியான பள்ளத்தாக்கில் ஓர் அப்பாவி இளைஞன். திடீரென்று வந்து ஆபத்தைச் சொல்லும் உயரமான மர்ம மனிதர். வடக்கே இருள் அரசன். அவன் அனுப்பும் கருப்புத் தூதர்கள். எல்ஃப், குள்ளன், இளவரசன் எல்லாம் சேர்ந்த கூட்டம் பயணம் போகிறது. வழிகாட்டி நெருப்புக் குழிக்குள் விழுந்து, இறந்தார் என்று எல்லாரும் நினைத்திருக்கத் திரும்பி வருகிறார். கூட்டம் பிரிகிறது. மன்னனின் காதில் விஷம் ஊற்றும் ஆலோசகன், முற்றுகையிடப்படும் கோட்டை நகரம், பொருளுக்காகப் பித்துப்பிடித்து அலையும் அற்பப் பிறவி. டோல்கீனைப் படித்தவர் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போகலாம். ஈயடிச்சான் காப்பி என்று நம் பள்ளிக்கூடங்களில் சொல்வோமே, அதற்கு மிக அருகில் வந்த பெரிய நாவல் இது. லின் கார்ட்டர் போன்ற அந்தக் கால ஃபேன்டஸி ரசிக அறிஞர்கள் கொதித்துப்போனார்கள்.

ஆனால் புத்தகம் விற்றது. நியூயார்க் டைம்ஸின் பெரிய அளவு பேப்பர்பேக் பட்டியலில் இடம்பிடித்த முதல் புனைகதை என்று அதைச் சொல்வார்கள். லெஸ்டர் டெல் ரேயும் ஜூடி-லின் டெல் ரேயும் தங்கள் பெயரில் தொடங்கிய பதிப்புப் பிரிவை இந்தப் புத்தகத்தை நம்பித்தான் கிளப்பினார்கள். டோல்கீனைப் படித்து முடித்துவிட்டு "இன்னும் வேண்டும்" என்று ஏங்கிய வாசகக் கூட்டம் ஒன்று வெளியே காத்திருக்கிறது என்று அவர்கள் கணித்தது சரியாகவே இருந்தது. போலச் செய்தால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நான் உங்களைப் பயமுறுத்தப்போவதில்லை. அது பொய். படிப்பார்கள். ஐம்பது வருஷமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புரூக்ஸுக்கு நியாயமும் செய்யவேண்டும். அந்த நாவலின் முடிவில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. வாளின் சக்தி வெட்டுவதில் இல்லை. உண்மையைக் காட்டுவதில் இருக்கிறது. ஏந்துகிறவன் முதலில் தன்னைப் பற்றிய உண்மையைத் தாங்கியாகவேண்டும். இருள் அரசன் எப்போதோ செத்துப்போனவன். தான் உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பதால்தான் இருக்கிறான். உண்மையைக் கண்டதும் கரைந்துபோகிறான். அது டோல்கீனிடம் இல்லாதது. அந்த ஒரு யோசனையை முதல் பக்கத்திலேயே கையில் பிடித்து அதிலிருந்து உலகத்தைக் கட்டியிருந்தால் வேறு நாவல் கிடைத்திருக்கும். உங்கள் கைப்பிரதியிலும் இப்படி ஒரு யோசனை கடைசி அத்தியாயத்தில் ஒளிந்துகொண்டிருக்கலாம். தேடிப்பாருங்கள்.

4. நீங்கள் மட்டும் அறிந்த ஒன்றைக் கதையின் நடுவில் வையுங்கள். அதே 1977இல் ஸ்டீஃபன் டொனால்ட்சனின் 'லார்ட் ஃபவுல்ஸ் பேன்' வெளிவந்தது. பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பப்பட்ட நாவல். மேலோட்டமாகப் பார்த்தால் அதிலும் டோல்கீன்தான்: மோதிரம் இருக்கிறது, இருள் அரசன் இருக்கிறான், வரைபடம் இருக்கிறது, குகைகளும் பயணமும் இருக்கின்றன. ஆனால் நாயகன் தாமஸ் கவனன்ட் ஒரு தொழுநோயாளி.

டொனால்ட்சன் இந்தியாவில் வளர்ந்தவர். தந்தை எலும்பு அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய மிஷனரி. பையன் படித்தது நம் கொடைக்கானலில், இன்று சர்வதேசப் பள்ளியாக இருக்கும் இடத்தில். தொழுநோய் நரம்பைக் கொல்கிறது, உணர்வு போய்விடுகிறது, சின்னக் கீறல்கூடத் தெரியாமல் சீழ் பிடித்து விரல் போய்விடும். அதனால் நோயாளி கை, கால், சட்டையின் மடிப்பு, மேசையின் விளிம்பு என்று ஒவ்வொன்றையும் கண்ணால் சோதித்துக்கொண்டே வாழவேண்டும். கற்பனைக்கு இடம் கொடுத்தால் ஆபத்து என்று பழக்கப்பட்ட மனம் அது. அப்படிப்பட்டவனைத் தூக்கி, மண்ணே மருந்தாக இருக்கும் ஓர் அதிசய நாட்டில் டொனால்ட்சன் போடுகிறார். செத்த நரம்புகள் உயிர்பெறுகின்றன. அவன் மகிழவேண்டுமே? அவனோ மிரண்டுபோகிறான். நம்ப மறுக்கிறான். நம்பினால் செத்துவிடுவோம் என்று அவனுடைய நோய் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தக் குழப்பத்தில் அவன் செய்யும் கொடுமையைக் கதை கடைசிவரை மன்னிப்பதில்லை. பல வாசகர்கள் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மோதிரம் இரவல், நாடு பாதி இரவல். நோய் மட்டும் சொந்தம். அந்த ஒன்று உள்ளே நுழைந்ததும் இரவல் பொருள்கள் எல்லாம் அர்த்தம் மாறிவிட்டன. கவனன்டின் கையில் இருக்கும் வெள்ளைத் தங்க மோதிரம், நோயைக் காரணம் காட்டி விலகிப்போன மனைவி நினைவாக மிஞ்சிய கல்யாண மோதிரம். அதை டோல்கீனின் மோதிரம் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

5. சாப்பாட்டைச் சரிபாருங்கள். டயானா வின் ஜோன்ஸ் 1996இல் 'தி டஃப் கைடு டு ஃபேன்டஸிலேண்ட்' என்று ஒரு கேலிக் கையேடு எழுதினார். ஃபேன்டஸி நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான அகராதி மாதிரி இருக்கும். எந்த விடுதிக்குப் போனாலும், எந்த முகாமில் தங்கினாலும் இறைச்சி ஸ்டூதான் கிடைக்கும் என்கிறார். எதிரி துரத்திக்கொண்டிருக்கும்போது மணிக்கணக்கில் வேகவேண்டிய பதார்த்தத்தை யார் சமைக்கிறார்கள் என்ற கேள்வியையும் கேட்கிறார். குதிரைகள் களைப்பதில்லை, குட்டி போடுவதும் இல்லை. மகரந்தச் சேர்க்கையில் இனம் பெருகுகின்றனவோ என்று அவருக்குச் சந்தேகம்.

உங்கள் கைப்பிரதியில் ஸ்டூ இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலிங்கத்துப்பரணியில் பேய்களும் சமைக்கின்றன. வீரர்களின் பல்லை அரிசியாக்கி, முரசை உரலாக்கி, யானைத் தந்தத்தை உலக்கையாக்கிக் கூழ் காய்ச்சுகின்றன. செயங்கொண்டார் எந்த விடுதிச் சமையலையும் பார்த்து எழுதவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது.

6. பெயர்களின் நடுவில் அபாஸ்ட்ரஃபிகளைத் தூவாதீர்கள். டோல்கீனின் பெயர்கள் காதில் நிற்கின்றன என்றால், கதைக்கு முன்பே மொழிகள் பிறந்துவிட்டன என்பதுதான் காரணம். ஃபின்னிஷ் ஓசையில் ஒரு மொழி, வெல்ஷ் ஓசையில் இன்னொன்று. ஊர்ப்பெயரும் மனிதப்பெயரும் அந்த ஓசை விதிக்குள் வருகின்றன. நீங்கள் மொழி படைக்கவேண்டாம். ஒரு நாட்டுக்கு எந்த ஓசைகள் வரும், எவை வராது என்று அரைப் பக்கம் எழுதிவைத்துக்கொண்டு அதை மீறாமல் இருங்கள். போதும்.

7. தலைகீழாகத் திருப்பிவிட்டால் சொந்தச் சரக்கு ஆகிவிடாது. "ஐயா, என் கதையில் ஓர்க்குகள்தான் நல்லவர்கள்" என்பார் ஒருவர். "இருள் அரசன்தான் நாயகன்" என்பார் இன்னொருவர். அச்சு பழையதாகவே இருக்கிறது, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. முன்பு சொன்ன எல்ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ராபர்ட் இ. ஹோவர்ட் படைத்த கோனன் முரட்டு உடம்புக்காரன், காட்டுமிராண்டி, மந்திரத்தை வெறுப்பவன். மூர்காக்கின் எல்ரிக் வெளிறிய தோல்காரன், மருந்தும் மாயவாளும் இல்லாவிட்டால் எழுந்து நிற்கமுடியாதவன், சீரழிந்த பழைய பேரரசின் மன்னன். எதிர்ப்பதமாகத்தான் தொடங்கினான். ஆனால் தன்னைத் தாங்கும் வாளே தனக்கு அன்பானவர்களைக் கொல்கிறது என்ற இடத்துக்கு வந்தபோது கோனன் மறந்துபோகிறான். திருப்பிப் போட்டபின் அந்தத் தூரம் நடக்கிறீர்களா என்பதுதான் விஷயம். பெரும்பாலானவர்கள் திருப்பிப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இதே கதிதான். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996இல் வந்தது. அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது ரத்தத்தையும் துரோகத்தையும் எதிர்பாராத சாவையும். மார்ட்டின் எடுத்துக்கொண்டவை வேறு. இங்கிலாந்தின் ரோஜாப் போர்களில் யார்க் குடும்பமும் லங்காஸ்டர் குடும்பமும் மோதிக்கொண்ட வரலாறு, பிரெஞ்சு அரசர்களைப் பற்றி மொரீஸ் துருவோன் எழுதிய நாவல் வரிசை, 1981இல் அவர் போய்ப் பார்த்த ஹாட்ரியன் சுவர். அந்தச் சுவரில் நின்று வடக்கே பார்த்த ரோமானியச் சிப்பாய்க்கு என்ன தோன்றியிருக்கும் என்ற கேள்வி எழுநூறு அடி உயரப் பனிச்சுவராக வளர்ந்தது. விருந்துக்கு அழைத்துக் கொல்லும் காட்சிக்கும் ஸ்காட்லாந்து வரலாற்றில் 1440இன் கருப்பு விருந்தும் 1692இன் கிளென்கோ படுகொலையும் முன்மாதிரி. அவரைப் பின்பற்றுகிறவர் வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாயகனின் தலையை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

8. கை பழக நகல் எடுங்கள், அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள். 'வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டன் அதற்கு முன், 1980களின் தொடக்கத்தில், கோனனை வைத்து ஏழு நாவல்கள் எழுதினார். அடுத்தவர் பாத்திரம், அடுத்தவர் உலகம், பதிப்பகம் கொடுத்த வேலை. கூலிக்கு எழுதியதுதான், ஆனால் சண்டைக் காட்சியை நகர்த்துவது, அத்தியாயத்தை முடிப்பது எல்லாம் அங்கே கைவசப்பட்டன. (அவருக்கு அச்சே ஆனதே என்கிறீர்களா? உரிமை வாங்கி, பெயர் சொல்லி ஆனது.) 1990இல் 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' வந்தபோது அதன் தொடக்கத்தை வேண்டுமென்றே டோல்கீனின் ஷயரை நினைவூட்டும்படி அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வாசகனைப் பழகிய திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, பிறகு வேறு வீட்டுக்குள் கூட்டிப்போனார். அந்த உலகில் மந்திர ஆற்றல் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. ஆண்களின் பாதி விஷமேறிப்போனது. அதைத் தொட்ட ஆண் பைத்தியமாகியே தீருவான். அதனால் அங்கே அதிகாரம் பெண்களிடம். நாயகனோ அதைத் தொடவே பிறந்த ஆண். ஷயர் எங்கோ பின்னால் போய்விட்டது.

நீங்கள் செய்யவேண்டிய பயிற்சி ஒன்று. டோல்கீனின் முதல் பாகத்தில் எல்ராண்டின் சபை என்ற நீண்ட அத்தியாயம் இருக்கிறது. சண்டை கிடையாது, பயணம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். யார் எப்போது பேசுகிறார், யார் சொன்ன செய்தி யாருடைய பொய்யை உடைக்கிறது, ஒவ்வொருவரின் பேச்சுநடையும் எப்படி மாறுகிறது என்று ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டே படியுங்கள். பிறகு உங்கள் கதை மாந்தரை வைத்து அதேபோல் ஒரு சபையை எழுதுங்கள். எழுதியதைப் பீரோவில் பூட்டுங்கள். அவரிடம் திருட உகந்தது எல்ஃப் அல்ல, இதுதான்.

9. ஆசானுக்கு மிக அருகில் நிற்காதீர்கள். கை கேவ்ரியல் கே என்ற கனடாக்காரர், டோல்கீன் மறைந்தபின் அவர் மகன் கிறிஸ்டஃபருக்கு 'தி சில்மரில்லியன்' தொகுப்பில் உதவினார். அது 1977இல் வந்தது. டோல்கீனின் கையெழுத்துத் தாள்களையே தொட்டுப் பழகியவர் அவர். பிறகு அவர் எழுதிய ஃபியோனவார் நாவல்கள் மூன்றிலும் அந்தத் தாள்களின் வாசனை அடிக்கிறது. 1990இல் 'டிகானா' எழுதியபோதுதான் வெளியே வந்தார். இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலத்தைப் போன்ற ஓர் உலகம். போரில் மகனை இழந்த மந்திர மன்னன் பழிவாங்குகிறான்: மகனைக் கொன்ற நாட்டின் பெயரை அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் கேட்கவும் முடியாது, நினைவில் வைக்கவும் முடியாது. கடைசித் தலைமுறை செத்தால் நாடே இருந்ததில்லை என்றாகிவிடும். மந்திரம் என்றால் நெருப்பு உருண்டை வீசுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த நாவலை ஒருமுறை படித்துவிட்டு வரவேண்டும்.

10. ஃபேன்டஸியைத் தவிர வேறு ஏதாவது தெரிந்துவைத்திருங்கள். டோல்கீன் பழைய ஆங்கிலப் பேராசிரியர். 1916இல் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழிகளில் இருந்தவர். ஜோர்டன் வியட்நாம் போரில் இருந்தவர். உர்சுலா லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். கலிஃபோர்னியப் பூர்வகுடிகளைப் பற்றிய பேச்சு புழங்கிய வீட்டில் வளர்ந்த பெண் அவர். 1968இல் அவர் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் பெரும்படை இல்லை, இருள் அரசன் இல்லை. இளம் மந்திரவாதி துரத்துவதும் அவனைத் துரத்துவதும் அவன் தானே கட்டவிழ்த்துவிட்ட நிழல். நாயகன் மாநிறத்தவன், வெள்ளைத் தோல்காரர்கள் கொள்ளையடிக்க வரும் வெளியாட்கள். அதைக் கொடிபிடித்துச் சொல்லாமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அட்டைப்படக்காரர்களும் பிறகு தொலைக்காட்சிக்காரர்களும் நாயகனை வெள்ளையாக்கியபோதுதான், எவ்வளவு பெரிய காரியத்தை அவர் சத்தமில்லாமல் செய்திருந்தார் என்று பலருக்கு உறைத்தது.

உங்களுக்கு என்ன தெரியும்? ஏரிப் பாசனம் உள்ள ஊரில் வளர்ந்தவருக்கு எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் சண்டை யார் வீட்டு வாசலில் தொடங்கும், தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் எவ்வளவு நெல் என்பதெல்லாம் தெரியும். ஒரு பேரரசின் கதையை மதகில் இருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் அப்படி ஒரு காவிய ஃபேன்டஸியை நான் படித்ததில்லை. வங்கியில் நகை மதிப்பிடுகிறவருக்கும் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவருக்கும் இதையேதான் சொல்வேன்.

11. மண்வாசனை பூசிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இது குறிப்பாகத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு. எல்ஃபுக்குப் பதில் யட்சி, வாளுக்குப் பதில் வேல், காண்டால்ஃபுக்குப் பதில் சித்தர், மார்டோருக்குப் பதில் ஏதோ ஒரு எரிமலைத் தீவு. எலும்புக்கூடு அசலூருடையது, தோல் மட்டும் நம்முடையது. வந்தியத்தேவனுக்கு மந்திரக் குதிரை கொடுப்பதும் அதே ரகம்தான். நம் ஊர் ஆசிரியரைப் பார்த்து எழுதினாலும் காப்பி காப்பிதான்.

கம்பன் வான்மீகியின் கதையைத்தான் சொன்னான். யாரும் அவனைக் காப்பியடித்தவன் என்று சொல்வதில்லை. யுத்த காண்டத்தில் வீடணன் ராவணனுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இரணியன் கதையைக் கொண்டுவந்து ஒரு படலமாகவே விரித்தான். வான்மீகியில் அது அங்கே இல்லை. எதற்காக அங்கே வைத்தான், வைத்ததால் அடுத்து வரும் ராவணனின் வீழ்ச்சி எப்படிக் கனம் கூடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் விளக்கினால் நீங்கள் அந்தப் படலத்தைப் படிக்கமாட்டீர்கள்.

12. சட்டம். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்கு உண்டு. மோதிரத்தை அழிக்கப் பயணம் போவது யாருக்கும் சொந்தமில்லை. ஹாபிட் என்ற சொல்லில் கைவைத்தால் வழக்கு வரும். 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வந்தபோது அதில் ஹாபிட்கள் இருந்தார்கள். உரிமைக்காரர்கள் கண்ணை உருட்டியதும் ஹாஃப்லிங் ஆனார்கள். டோல்கீன் 1973இல் காலமானார். இந்தியச் சட்டத்தின் அறுபதாண்டுக் கணக்குப்படி அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. அதற்குள் நீங்கள் சொந்தமாகவே எழுதிவிடலாம்.

13. யாராவது "இது டோல்கீன் மாதிரி இருக்கிறதே" என்றால் கோபித்துக்கொள்ளாமல், "எந்த அத்தியாயத்தில்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் என்றால் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து உட்காரவையுங்கள்.

14. மூன்று பாகம் எழுதவேண்டும் என்று யார் சொன்னது? டோல்கீன் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். 1937 கடைசியில் தொடங்கி 1949 வரை ஆனது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலை ஏறியிருந்தது. அவ்வளவு தடித்த புத்தகத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள அலன் அண்ட் அன்வின் பதிப்பகம் தயாராக இல்லை. அதனால் மூன்றாக வெட்டி 1954இலும் 1955இலும் வெளியிட்டார்கள். ஒரு பதிப்பாளரின் செலவுக் கணக்கை உலகம் முழுக்க இரண்டு தலைமுறை இலக்கணமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் என்னிடம் வரும் கைப்பிரதிகளின் முதல் தாளில் 'பாகம் ஒன்று' என்று இருக்கிறது. கதை முடிவதில்லை, நாயகன் ஒரு மலையுச்சியில் நின்று தூரத்தில் எரியும் ஊரைப் பார்ப்பதோடு தொங்குகிறது. முதல் பாகம் என்ற வரியை அடித்துவிட்டு, கதையை முடித்து எடுத்துக்கொண்டு வாருங்கள். மலையுச்சியையும் எரியும் ஊரையும் பற்றி அப்போது பேசுவோம்.